டேட்டாபேஸை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்தால் என்ன?

மார்ச் 3

ஒரு வாசகரின் கேள்வி, அப்படியே:

"ஃபைல், ஃபோல்டர் என்பதெல்லாம் காகித அலமாரி காலத்து யோசனை. இன்று ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு டேட்டாபேஸைச் சுமந்துகொண்டு திரிகிறது. மெயிலுக்கு ஒன்று, பிரவுசருக்கு ஒன்று, போட்டோவுக்கு ஒன்று. இயங்குதளமே டேட்டாபேஸாக இருந்துவிட்டால் தேடல், பேக்கப், அனுமதி எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடாதா? இதை ஏன் யாரும் செய்யவில்லை?"

மார்ச் 3, இரவு

யாரும் செய்யவில்லை என்பது தப்பு. 1960களிலிருந்து செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். எல்லோருடைய மேசைக்கும் ஏன் வரவில்லை என்று கேட்டால் அது சரியான கேள்வி.

என் பதில்: மோசமான யோசனை. கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், ஒரு பிழை வந்தால் மெஷினே விழும். டேட்டாபேஸ் மாதிரி பெரிய, அடிக்கடி மாறுகிற ஒன்றை அங்கே கொண்டுபோய் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அடுத்து, டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி எஸ்க்யூஎல்லா, வேறு மாடலா என்பதை யாரோ ஒருவர் எல்லோருக்குமாகச் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும். அப்புறம், ஃபைல் என்றால் வெறும் பைட்டுகளின் வரிசை என்று யூனிக்ஸ் இயங்குதளம் எடுத்த முடிவு. அது சோம்பேறித்தனம் மாதிரி தெரியும். ஆனால் ஐம்பது வருடமாக ஒரு நிரல் எழுதியதை இன்னொரு நிரல் எடுத்துப் படிக்க முடிகிறதென்றால் அதனால்தான்.

மீதி நாளை.

மார்ச் 4

விரிவாக எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, நேற்று அடித்துச் சொன்னதில் ஓட்டை தெரிகிறது. காரணம் ஏஎஸ்/400, ஐபிஎம்மின் அலுவலகக் கம்ப்யூட்டர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருடம் அந்த மெஷினோடுதான் இருந்தேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. சேர்ந்த வாரமே அங்கிருந்த மூத்த ஆபரேட்டரிடம், "டேட்டாபேஸ் சர்வர் எது, எங்கே ஓடுகிறது?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டு, மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன். கடைசியில் அவர் "ஃபைலைச் சொல்கிறாயா?" என்றார். அங்கே ஃபைல் என்றாலே டேபிள். பிசிகல் ஃபைலில் தரவு இருக்கும். லாஜிகல் ஃபைல் என்பது அதன் மேல் கட்டிய இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) அல்லது வியூ (அதே தரவை வேறு விதமாகக் காட்டுவது). இன்ஸ்டால் செய்ய, ஸ்டார்ட் செய்ய, தனியாகப் பாஸ்வேர்டு கொடுக்க என்று டேட்டாபேஸ் ஒன்று கிடையாது. ரொம்ப நாள் அதற்குப் பெயர்கூட இல்லை. 90களில்தான் ஐபிஎம் அதற்கு டிபி2/400 என்று பெயர் வைத்தது. ஏஎஸ்/400 வந்தது 1988 ஜூனில். அதற்கு முன்னோடியான சிஸ்டம்/38-ஐ 1978-லேயே அறிவித்திருந்தார்கள். அதிலேயே டேட்டாபேஸ் உள்ளே இருந்தது.

இன்னொரு விஷயம், சிங்கிள் லெவல் ஸ்டோர். டிஸ்க், மெமரி என்ற பிரிவே நிரலின் கண்ணில் படாது. எல்லாப் பொருளுக்கும் ஒரே பெரிய முகவரி வெளியில் ஓர் இடம். அது இந்தக் கணத்தில் மெமரியில் இருக்கிறதா டிஸ்க்கில் இருக்கிறதா என்பது இயங்குதளத்தின் தலைவலி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வகை உண்டு. நிரலை டேட்டா ஃபைல் மாதிரி திறந்து நடுவில் நாலு பைட்டை மாற்றலாம் என்று நினைத்தால் விடாது.

அங்கே நான் செய்த கூத்து ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வாடிக்கையாளர் ஃபைலில் ஒரு ஃபீல்டு சேர்த்தேன். ஒன்றே ஒன்று, கடைசியில். திங்கள் காலை எட்டு மணிக்கு பில்லிங், ஸ்டாக், ரிப்போர்ட் என்று வரிசையாக நிரல்கள் நின்றுபோயின. எல்லாத் திரையிலும் ஒரே செய்தி: லெவல் செக், சிபிஎஃப்4131. ஒவ்வொரு ரெக்கார்டு வடிவத்துக்கும் சிஸ்டம் ஓர் அடையாள எண் போட்டு வைக்கும். நிரல் கம்பைல் ஆகும்போது (எழுதியதை மெஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும்போது) அந்த எண் நிரலுக்குள்ளும் பதிந்துவிடும். ஃபைலைத் திறக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கதவு திறக்காது. நான் ஃபைலை மாற்றினேன், அதைத் தொடும் நிரல்களை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டேன்.

அன்றைக்கு அது எனக்குக் கொடுமையாகத் தெரிந்தது. மூத்தவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "நின்றதே நல்லது, இல்லாவிட்டால் தேதியைத் தொகையாகப் படித்து பில் அடித்திருக்கும்" என்றார். இயங்குதளத்துக்குத் தரவின் வடிவம் தெரிந்தால் கிடைக்கும் லாபம் இதுதான் என்று புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது.

ஆக, நேற்று எழுதிய "மோசமான யோசனை" கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

மார்ச் 5

எதிர்பார்த்தபடியே "வின்எஃப்எஸ் என்ன ஆச்சு?" என்று மூன்று பேர்.

மைக்ரோசாஃப்ட் 2003-ல் லாங்ஹார்ன் (பின்னாளில் விஸ்டாவாக வந்த விண்டோஸ்) பற்றி டெவலப்பர்களுக்குக் காட்டியபோது அதன் தூண்களில் ஒன்று வின்எஃப்எஸ். அடியில் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ், அதன் மேல் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் எஞ்சின், அதற்கும் மேலே "நபர்", "சந்திப்பு", "ஆவணம்", "படம்" என்று தயாராக வரையறுத்த வகைகள். இவர் அனுப்பிய மெயிலில் வந்த, இந்தச் சந்திப்புக்குத் தொடர்பான ஆவணங்களைக் காட்டு என்றால் காட்ட வேண்டும். 2004 ஆகஸ்டில் லாங்ஹார்னிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2005-ல் தனியாக ஒரு பீட்டா வந்தது. 2006 ஜூனில் மூடியாயிற்று. அதில் இருந்த யோசனைகள் சில எஸ்க்யூஎல் சர்வருக்குள் போய்ச் சேர்ந்தன. 90களின் தொடக்கத்தில் கெய்ரோ என்ற பெயரில் இதே கனவை அவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை கண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் போதவில்லை, அதனால் செத்தது என்பது வழக்கமான பேச்சு. எனக்கு அதைவிட "நபர்" மேல்தான் சந்தேகம். ஒரு நபருக்கு எத்தனை பெயர்? முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டால், இனிஷியலும் ஒற்றைப் பெயருமாக இருப்பவர் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவார்? ஏதாவது படிவத்தில் இனிஷியலையே கடைசிப் பெயராக எழுதாத தமிழர் இருக்கிறாரா? ஒரு நிறுவனத்துக்குள் இதைப் பேசி முடிக்கலாம். உலகத்தில் உள்ள எல்லா நிரலும் பயன்படுத்தப்போகிற "நபர்" ஸ்கீமாவை, அதாவது எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் என்ற வரைவை, யார் உட்கார்ந்து பேசி முடிப்பது?

மார்ச் 5, சற்று பின்னால்

ஒரு திருத்தம். முதல் நாள் நான் கர்னல், கர்னல் என்று குதித்தேன். வின்எஃப்எஸ் கர்னலுக்குள் ஓடவே இல்லை, சாதாரண சர்வீஸாக வெளியில்தான் ஓடியது. இயங்குதளத்தோடு சேர்ப்பது என்றால் கர்னலுக்குள் திணிப்பது என்று அர்த்தமில்லை. பெட்டியோடு வருகிறதா, எல்லா நிரலும் அதை நம்பி எழுதலாமா, அதுதான் கேள்வி. என் முதல் காரணம் காலி. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 7

இரண்டு நாள் வரவில்லை. பழைய டிஸ்க்கைக் கிளறிக்கொண்டிருந்தேன். தேடியது பீஓஎஸ், 90களின் ஓர் இயங்குதளம்.

இந்த விவாதத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆரம்பத்தில் பீஓஎஸ்ஸில் ஃபைல் சிஸ்டம் தனி, டேட்டாபேஸ் தனி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் அடிக்கடி விலகிப்போகும். டாமினிக் ஜாம்பாவுலோ, சிரில் மெரில்லோன் என்று இரண்டே பேர் சுமார் பத்து மாதத்தில் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு பிஎஃப்எஸ் என்ற புது ஃபைல் சிஸ்டத்தை எழுதினார்கள். அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எத்தனை பண்புகள் வேண்டுமானாலும் ஒட்டலாம். எந்தப் பண்புக்கு இண்டெக்ஸ் வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். க்வெரி, அதாவது தேடல் கேள்வி, கொடுத்தால் பதில் ஒரு ஜன்னலில் வரும். அந்த ஜன்னலைத் திறந்தே வைத்தால், புதிதாகப் பொருந்தும் ஃபைல் வந்ததும் அதுவாகவே உள்ளே வந்து உட்காரும். மெயில் நிரலுக்கு இன்பாக்ஸ் என்று தனி ஏற்பாடு தேவையில்லை. "படிக்காத மெயில்" என்ற க்வெரிதான் இன்பாக்ஸ். முதல் தடவை பார்த்தபோது மற்ற இயங்குதளங்களை எல்லாம் யாரோ தூக்கத்தில் எழுதிவிட்டார்கள் என்று தோன்றியது.

ஆனால் அதில் முகவரிப் புத்தகம் இருக்கிறதே, ஒரு நபருக்கு ஒரு ஃபைல். பெயர், ஃபோன், மெயில் எல்லாம் பண்புகளாக ஒட்டியிருக்கும். ஃபைலுக்குள் ஒன்றுமே இருக்காது, சைஸ் பூஜ்யம். மெஷினை மாற்றும்போது நான் எல்லாவற்றையும் ஃபேட் என்ற பழைய, எளிய ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்த ஒரு டிஸ்க்கில் காப்பி செய்தேன். ஃபேட்டுக்குப் பண்பு என்றால் என்னவென்றே தெரியாது. காப்பி ஒரு குறையும் சொல்லாமல் முடிந்தது. பழைய டிஸ்க்கை அழித்தேன். புது மெஷினில் திறந்து பார்த்தால் இருநூற்றுச் சொச்சம் ஃபைல்கள், பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே காற்று. தப்பு என்னுடையதுதான். சரிபார்க்காமல் அழித்திருக்கக் கூடாது.

இந்த வாரம் கிளறியதும் அந்த நப்பாசையில்தான். கிடைக்கவில்லை.

ஃபைல் சிஸ்டம் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், அந்தப் புத்தி பக்கத்து வீட்டுக்குக் கூட வராது. ஜிப் செய்தால், மெயிலில் அனுப்பினால், வேறு மெஷினில் போட்டால் பைட்டுகள் மட்டும் போய்ச் சேரும்.

இன்னொரு சின்ன எரிச்சல்: இண்டெக்ஸ் உருவாக்கியதற்குப் பிறகு எழுதிய பண்புகள்தான் அந்த இண்டெக்ஸில் சேரும். ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களை நாமே ஒரு தடவை தொட்டு எழுத வேண்டும். டேட்டாபேஸ் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்ட ஃபைல் சிஸ்டம் என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஜாம்பாவுலோ பிறகு ஆப்பிளுக்குப் போனார். 2005-ல் மேக்கில் ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதி வந்தது. அதில் இண்டெக்ஸ் ஃபைல் சிஸ்டத்துக்குள் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. எந்த ஃபைல் மாறினாலும் கர்னல் தகவல் கொடுக்கும், இண்டெக்ஸ் தன்னைத் திருத்திக்கொள்ளும். இண்டெக்ஸ் கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கட்டலாம், ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே வைத்துச் செய்து பார்த்தவரின் கைபட்ட அடுத்த வேலையில் அது வெளியே வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மார்ச் 8

தேடலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். டேட்டாபேஸ் எழுதுகிறவர்களிடம் கேட்டால் அவர்களுடைய புகார் முற்றிலும் வேறு.

மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1981-ல் ஒரு கட்டுரை எழுதினார். இங்க்ரெஸ் டேட்டாபேஸைக் கட்டியவர், பின்னாளில் 2014-க்கான டூரிங் விருது வாங்கியவர். கட்டுரையின் சாரம்: இயங்குதளம் கொடுக்கும் வசதிகள் டேட்டாபேஸுக்கு ஒன்று மந்தமாக இருக்கின்றன, இல்லாவிட்டால் பொருந்தாமல் இருக்கின்றன. அதனால் பஃபரையும் (படித்த தரவை மெமரியில் வைத்திருக்கும் இடம்) ஷெட்யூலிங்கையும் (எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்ற முடிவு) நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

பஃபரை மட்டும் எடுத்துக்கொள்வோம். இயங்குதளம் ரொம்ப நேரம் தொடாத பக்கத்தை, அதாவது தரவுத் துண்டை, முதலில் வெளியே தள்ளும். பொதுவாக நல்ல பழக்கம். ஆனால் டேட்டாபேஸ் ஒரு பெரிய டேபிளை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை படிக்கிறது என்று வையுங்கள். படித்து முடித்த பக்கம் இனித் தேவையே இல்லை, ஆனால் இயங்குதளத்தின் கணக்கில் அதுதான் லேட்டஸ்ட். அதை வைத்துக்கொண்டு, அடிக்கடி தேவைப்படும் இண்டெக்ஸ் பக்கத்தைத் தள்ளிவிடும். எது அடுத்து தேவை என்று டேட்டாபேஸுக்குத் தெரியும், சொல்லத்தான் சரியான வழி கிடையாது. ஆகவே டேட்டாபேஸ் தனக்கென்று ஒரு பஃபர் வைத்துக்கொள்கிறது, அடியில் இயங்குதளமும் ஒன்று வைத்துக்கொள்கிறது, ஒரே பக்கம் மெமரியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எழுதுவதில் இன்னும் மோசம். போஸ்ட்கிரெஸ், இன்னோடிபி இரண்டும் டேட்டாபேஸ் எஞ்சின்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் பக்கம் 8 கேபி, இன்னோடிபியின் பக்கம் வழக்கமாக 16 கேபி. கரண்ட் போனால் பாதிப் பக்கம் புதுசு, மீதி பழசு என்று ஆகலாம். அதற்குப் பயந்து போஸ்ட்கிரெஸ் முழுப் பக்கத்தையும் லாக்கில் (மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் ஏட்டில்) ஒரு தடவை எழுதுகிறது. இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு இடத்தில் எழுதுகிறது. கீழே இருக்கும் ஃபைல் சிஸ்டமும் தன் பங்குக்குத் தனியாக ஒரு ஜர்னல் எழுதிக்கொண்டிருக்கும். யாரும் யாரையும் நம்புவதில்லை.

நம்பியவர்கள் கதை 2018-ல் வெளியே வந்தது. எஃப்சிங்க் என்று ஒரு அழைப்பு உண்டு, எழுதியதெல்லாம் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்ய. அது தோல்வி என்று சொன்னால், திரும்ப ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போம் என்று போஸ்ட்கிரெஸ் நினைத்தது. நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம். லினக்ஸ் என்ன செய்யும் என்றால், ஒரு தடவை பிழையைச் சொல்லிவிட்டு, எழுதாத அந்தப் பக்கத்தை எழுதியாயிற்று என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது தடவை கேட்டால், எல்லாம் நலம். தரவு போயே போய்விட்டது, இரு பக்கமும் நிம்மதியாக இருக்கின்றன. இருபது வருடம் யாருக்கும் தெரியாமல் இது இருந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸ்ஸை மாற்றினார்கள். இப்போது எஃப்சிங்க் தோற்றால் அது மறுபடி கேட்பதில்லை. தானே விழுந்து, லாக்கிலிருந்து மீண்டு எழுந்துகொள்கிறது.

நேற்றுவரை நான் இதையெல்லாம் "இயங்குதளமும் டேட்டாபேஸும் வேறு வேறு ஆட்கள், பிரித்தே வையுங்கள்" என்பதற்கு ஆதாரமாக வைத்திருந்தேன். எழுதி முடித்துப் படித்தால் எல்லாம் எதிர்ப்பக்கம் பேசுகிறது. இருவரும் ஒரே ஆளாக இருந்திருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி வந்தே இருக்காது.

மார்ச் 8, நள்ளிரவு

அதே ஸ்டோன்பிரேக்கர் 2020 வாக்கில் என்ன செய்தார் தெரியுமா? எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு ஆட்களோடு சேர்ந்து டிபிஓஎஸ் என்று ஒரு திட்டம். டேட்டாபேஸை அடியில் போட்டு, இயங்குதளத்தை அதன் மேல் எழுதுவது. எந்த டாஸ்க் எங்கே ஓடுகிறது, ஃபைல்கள், ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகள் எல்லாமே டேபிள்கள். ஷெட்யூலர் என்பது ஒரு க்வெரி. நாற்பது வருடம் முன்னால் வீட்டுக்காரர் சரியில்லை என்று புகார் கொடுத்த வாடகைதாரர் வீட்டையே வாங்கிவிட்டார்.

மார்ச் 9

விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியை, செட்டிங்ஸ் எல்லாம் சேரும் இடத்தை, யாராவது இழுப்பார்கள் என்று பந்தயமே கட்டியிருப்பேன். ஆமாம், அதுவும் இயங்குதளத்துக்குள் இருக்கும் டேட்டாபேஸ்தான். மதிப்புக்கு வகை உண்டு, எந்த இடத்தில் எது இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. எல்லோரும் எழுதுவார்கள், போகும்போது யாரும் துடைப்பதில்லை. லெவல் செக் இல்லாத ஏஎஸ்/400-ஐக் கற்பனை செய்து பாருங்கள்.

மார்ச் 11

"முதன்முதலில் செய்தது ஐபிஎம்தானா?" இல்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை, இருந்தாலும் விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். பிக் சிஸ்டம் என்ற, டேட்டாபேஸே இயங்குதளமாக இருந்த அமைப்பின் வேர் 1965. அமெரிக்க ராணுவத்தின் ஷையான் ஹெலிகாப்டர் திட்டத்துக்காக எழுதியது. ஒரே ஃபீல்டில் பல மதிப்புகள் வைக்கலாம். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் 1960களின் பின்பாதியில் பிறந்த மம்ப்ஸும் அப்படித்தான். மொழி, இயங்குதளம், டேட்டாபேஸ் மூன்றும் ஒன்று. பெயருக்கு முன்னால் ஒரு கேரட் குறி போட்டால் அந்த மாறி டிஸ்க்கில் நிலைத்துவிடும், அவ்வளவுதான். மருத்துவமனை மென்பொருளில் அதன் வாரிசுகள் இன்றும் ஓடுகின்றன.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஏஎஸ்/400 ஒரு நிறுவனத்தின் கணக்கு வழக்கு. பிக் உதிரிப் பாகக் கணக்கில் தொடங்கி வியாபாரக் கணக்குக்குப் போனது. மம்ப்ஸ் நோயாளிகளின் குறிப்பேடு. மூன்றிலும் தரவுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், வாடிக்கையாளர் என்றால் என்ன, நோயாளி என்றால் என்ன என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஐம்பது பேர் எழுதிய நிரல்கள் இருக்கின்றன. அங்கே டேட்டாபேஸ் எஞ்சினைப் பெட்டியோடு கொடுத்துவிடலாம், ஸ்கீமாவுக்குச் சொந்தக்காரரைக் கொடுக்க முடியாது.

எஞ்சினை ஏற்கெனவே கொடுத்தும்விட்டார்கள். எஸ்க்யூலைட். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் எழுதிய, நிரலுக்குள்ளேயே ஓடும் சின்ன டேட்டாபேஸ். ஆண்ட்ராய்டில், ஐஓஎஸ்ஸில், மேக்கில், விண்டோஸ் 10 முதல் விண்டோஸிலும் கூடவே வருகிறது. தாங்கள் ஆரக்கிள் மாதிரி பெரிய டேட்டாபேஸோடு போட்டி போடவில்லை, ஃபைல் திறக்கும் எஃப்ஓபனோடுதான் போட்டி என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சுமார் 10 கேபி அளவுள்ள தம்ப்நெயில் படங்களைத் தனித்தனி ஃபைலாக வைப்பதைவிட எஸ்க்யூலைட்டுக்குள் வைத்தால் படிப்பதும் எழுதுவதும் 35% வேகம், இடமும் 20% குறைவு என்பது அவர்களுடைய அளவீடு. காரணம் மந்திரம் ஒன்றுமில்லை. ஆயிரம் ஃபைல் என்றால் ஆயிரம் தடவை திறந்து ஆயிரம் தடவை மூட வேண்டும், டேட்டாபேஸ் ஃபைலை ஒரே தடவை திறந்தால் போதும்.

கேள்வி கேட்டவர் "ஒவ்வொரு நிரலும் ஒரு டேட்டாபேஸைச் சுமந்து திரிகிறது" என்று வருத்தப்பட்டார். எனக்கு இப்போது அது வருத்தமாகத் தெரியவில்லை. எஞ்சின் பொது, ஸ்கீமா அவரவர் வீட்டுக்குள். மற்றவர்களோடு பகிர்ந்தே ஆக வேண்டியதை மட்டும், ஆண்ட்ராய்டின் காண்டாக்ட்ஸ் மாதிரி, இயங்குதளம் ஒரு சர்வீஸ் வைத்துப் பார்த்துக்கொள்கிறது.

பேக்கப் விஷயத்தில் மட்டும் அவர் சொல்வது சரி. எஸ்க்யூலைட் டபிள்யூஏஎல் முறையில் ஓடும்போது பக்கத்திலேயே இன்னொரு ஃபைல் இருக்கும், புதிதாக எழுதியது முதலில் அதில்தான் சேரும். என் குறிப்பு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே முக்கிய ஃபைலை மட்டும் காப்பி செய்து பேக்கப் என்று வைத்திருந்தேன். மீட்டபோது கடைசி இரண்டு நாள் குறிப்புகள் இல்லை. இரண்டு ஃபைலும் சேர்ந்ததுதான் ஒரு டேட்டாபேஸ் என்பது காப்பி செய்த ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்?

ஆமாம், எனக்கும் காப்பி செய்வதற்கும் ஆகாது. ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார்.

மார்ச் 12

"சரி, இயங்குதளத்திடம் உங்களுக்கு என்னதான் வேண்டும், ஒன்றே ஒன்று கேளுங்கள்" என்றார் ஒருவர். நியாயம்.

க்வெரி வேண்டாம். ஸ்கீமா வேண்டாம். பல ஃபைல்களைத் தொடும் ஒரு வேலையை, நடந்தால் முழுதாக நட, இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பிப் போ என்று சொல்ல ஒரு வழி. டிரான்ஸாக்‌ஷன். அது மட்டும் போதும்.

இதற்காகப் படுகிற பாட்டைப் பாருங்கள். ஒரே ஒரு ஃபைலைப் பத்திரமாக மாற்றக்கூட, புதுப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, பழைய பெயருக்கு ரினேம் செய்து, அப்புறம் ஃபோல்டரையும் எஃப்சிங்க் செய்ய வேண்டும். 2009-ல் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் புதிதாகப் பரவியபோது நடுவில் இருக்கும் எஃப்சிங்கைப் பல நிரல்கள் போடவில்லை. பழைய ஈஎக்ஸ்டி3-ல் அது பெரும்பாலும் தானாகவே சரியாக அமைந்துவிடும், யாரும் கவனிக்கவில்லை. ஈஎக்ஸ்டி4 எழுதுவதைத் தள்ளிப்போடும். மெஷின் விழுந்து எழுந்தால் செட்டிங்ஸ் ஃபைல்கள் எல்லாம் பூஜ்ய பைட். நிரல் எழுதியவர்கள் மேலா ஃபைல் சிஸ்டம் மேலா தப்பு என்று பெரிய சண்டை. கடைசியில் ரினேம் வந்தால் முதலில் தரவை எழுதிவிடு என்று ஈஎக்ஸ்டி4-லேயே ஒட்டுப் போட்டார்கள்.

மார்ச் 12, பின்சேர்க்கை

எழுதி அரை மணி நேரம் ஆகவில்லை, ஒருவர் வந்து மண்டையில் தட்டிவிட்டார். நான் கேட்டது ஏற்கெனவே வந்ததாம். உண்மைதான். டிரான்ஸாக்‌ஷனல் என்டிஎஃப்எஸ், விஸ்டாவோடு வந்தது. பல ஃபைல்களை ஒரே டிரான்ஸாக்‌ஷனில் மாற்றலாம், பாதியில் நின்றால் பழையபடி ஆகிவிடும். நான் ஆசைப்பட்டது அட்சரம் பிசகாமல். பெரும்பாலான டெவலப்பர்கள் சீண்டவே இல்லை. அதைத் தவிர்த்து மாற்று வழிகளைப் பாருங்கள் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்துவிட்டது.

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒரு இயங்குதளத்தில் மட்டும் இருந்ததால் யாரும் நம்பி எழுதவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் நானும் அந்தக் காலத்தில் விண்டோஸில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அப்படி ஒன்று இருப்பது தெரியும். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

மார்ச் 15

விஷயத்தோடு நேரடியாக ஒட்டாது, ஆனால் பிடித்திருந்தது. ஃபேஸ்புக் 2014-ல் வெளியிட்ட ஓஎஸ்க்வெரி. ஓடும் நிரல்கள், திறந்திருக்கும் போர்ட்டுகள் (நெட்வொர்க் வாசல்கள்), யூசர்கள் எல்லாவற்றையும் டேபிள்களாகக் காட்டும், எஸ்க்யூஎல்லில் கேட்கலாம். உள்ளே எஸ்க்யூலைட்டின் விர்ச்சுவல் டேபிள். இயங்குதளத்தில் ஒரு வரிகூட மாற்றவில்லை. எதையும் சேமிக்காமல், கேட்கும்போது மட்டும் டேபிள் மாதிரி நடித்தால் போதும் என்ற யோசனை. ஒரு போர்ட்டைப் பிடித்து வைத்திருந்த நிரலை இரண்டு டேபிளை ஜாயின் செய்து கண்டுபிடித்தேன். வழக்கமான கமாண்டிலேயே கண்டுபிடித்திருக்கலாம்தான்.

மார்ச் 19

கடைசியாக ஒரு சோதனை. என் போட்டோக்களைத் தேதி வாரியாகப் பெயர் மாற்றி அடுக்க ஒரு நிரல் வைத்திருக்கிறேன். அதில் இதுவரை ஒரு பாதுகாப்பும் கிடையாது, நடுவில் நின்றால் கையால்தான் சரிசெய்ய வேண்டும். இந்த விவாதத்தில் இவ்வளவு பேசிவிட்டு அதை அப்படியே விட வெட்கமாக இருந்தது.

எஸ்க்யூலைட்டில் ஒரு டேபிள் போட்டேன்: பழைய பெயர், புதுப் பெயர், முடிந்ததா. முதலில் எல்லா மாற்றத்தையும் டேபிளில் எழுது, அப்புறம் ஒவ்வொன்றாக ரினேம் செய், செய்ததும் டிக் அடி. மறுபடி தொடங்கினால் டிக் இல்லாததிலிருந்து ஆரம்பி. ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே கில் செய்து பார்த்தேன். முதல் தடவை சரி. இரண்டாவது தடவையும் சரி. மூன்றாவது தடவை, "பழைய ஃபைலைக் காணோம்" என்று நின்றுவிட்டது.

ரினேம் முடிந்து, டிக் அடிப்பதற்குள் நான் கொன்றிருக்கிறேன். ரினேம் ஃபைல் சிஸ்டத்தின் வேலை, டிக் டேட்டாபேஸின் வேலை. இரண்டையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் கட்ட இங்கே எனக்கு வழியில்லை. வரிசையை மாற்றி டிக்கை முதலில் அடித்தாலும் இதே ஓட்டை எதிர்ப்பக்கம் வரும். படங்களையே டேபிளுக்குள் வைத்துவிட்டால் பிரச்சினை தீரும், ஆனால் அப்புறம் வேறு எந்த நிரலிலும் நேராகத் திறக்க முடியாது.

இப்போதைக்கு நாலு வரி சேர்த்திருக்கிறேன்: பழைய பெயர் இல்லை, புதுப் பெயர் இருக்கிறது என்றால் முடிந்ததாக எடுத்துக்கொள். நான்காவது தடவை கொன்றபோது எழுந்துவிட்டது. அந்தப் புதுப் பெயரில் ஏற்கெனவே வேறொரு படம் இருந்து, பழையதை யாராவது நடுவில் அழித்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், நாளைக்குத்தான் பார்க்க வேண்டும்.